கை நீட்டும் குரங்கும் கற்றுக்கொள்ளும் எந்திரமும்

அறிவு எப்படிப் பரிணமித்தது என்று அறியக் கணினிக்குள் பொம்மை உலகங்களைக் கட்டிப் பார்க்கிறது விஞ்ஞானம். அதே பாடம் பாலாற்றங்கரையிலும் பந்திப்பூர்ச் சாலையிலும் நம் கண்முன்னே நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு நம் வீட்டுக்குள் வந்துவிட்ட இந்த நேரத்தில், காடு சொல்லும் பாடத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்து, கொளத்தூரையும் கோவிந்தப்பாடியையும் கடந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கி, காட்டுக் காற்று ஜன்னல் வழியே வீசத் தொடங்குகிறது. பாலாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. சாலையோரச் சுவரில் ஒரு நாட்டுக்குரங்கு உட்கார்ந்திருந்தது. தலையில் நடுவகிடு எடுத்துப் படிய வாரியது போன்ற முடி, சுருங்கிய முகம், மடியில் ஒரு குட்டி.

அது பேருந்தைப் பார்க்கவில்லை. ஜன்னல்களை, ஜன்னல்களுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தது. முதல் ஜன்னலில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டியது. அடுத்த ஜன்னலில் ஓர் இளைஞன் செல்போனில் மூழ்கியிருந்தான். அவனையும் தாண்டியது. மூன்றாவது ஜன்னலில் நான். என் பையில் இரண்டு வாழைப்பழங்கள் இருந்தன. குரங்கு என் முகத்தைப் பார்த்தது, பையைப் பார்த்தது, மறுபடியும் முகத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கையை நீட்டியது.

தூங்குகிறவரிடம் கை நீட்டிப் பயனில்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. பார்க்கிற கண் எது, பார்க்காத கண் எது என்று பிரித்தறிய முடிந்திருக்கிறது. தன் கையசைவு இன்னொரு மனத்தில் ஏதோ செய்யும் என்று எதிர்பார்ப்பது போல இருந்தது அந்த நீட்டல். இதை இந்தக் குரங்குக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நாம்தான். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான். அறிவு ஒரு தலைக்குள் தானாக முளைத்துத் தனியாக வளர்வதில்லை. சுற்றியிருப்பவை எதற்குப் பரிசு தருகின்றனவோ, அந்தத் திசையில் வளைந்து வளர்கிறது. குரங்குக்கும் யானைக்கும் இது பொருந்தும். கோடிக்கணக்கில் பணம் கொட்டி உருவாக்கப்படும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதுவே பொருந்தும் என்பதுதான் இன்று நம்மை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டிய செய்தி.

எல்லைக் காடு என்னும் பள்ளிக்கூடம்

வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு. இது மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து வந்து, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தொடங்கும் இடத்தில் காவிரியோடு சேரும் சிற்றாறு. ஒரு கரை தமிழ்நாடு, மறுகரை கர்நாடகம். அந்த மறுகரை அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாநிலத்துக்குப் போனது. மைசூரு மாவட்டத்திலிருந்து 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. இந்தக் கோடுகள் எதுவும் யானைக்குத் தெரியாது. மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை, பந்திப்பூர், முதுமலை என்று நீளும் காடு அதற்கு ஒரே வீடு.

இந்தக் காட்டின் பெயரைக் கேட்டதும் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது 1993 ஏப்ரல் 9-ம் தேதி பாலாற்றுக்கு அருகே வெடித்த கண்ணிவெடிதான். வீரப்பன் காலத்துக் காயங்கள் இரு மாநில மக்கள் மனத்திலும் இன்னும் ஆறவில்லை. அதே காலத்தில் தந்தத்துக்காக இந்தக் காடுகளில் கொம்பன் யானைகள் தேடித் தேடிக் கொல்லப்பட்டன. யார் சாக வேண்டும், யார் பிழைக்கலாம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இயற்கையிடமிருந்து மனிதன் பிடுங்கிக்கொண்ட காலம் அது. இன்று துப்பாக்கிச் சத்தம் பெருமளவு ஓய்ந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கும் வேலை ஓயவில்லை. நாம் வீசும் பழமும் போடும் மின்வேலியும் விதைக்கும் மக்காச்சோளமும் எந்த விலங்கு எதைக் கற்க வேண்டும் என்று தினமும் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.

பந்திப்பூரில் ஒரு சோதனை

பாலாற்றுக் குரங்கிடம் நான் பார்த்தது ஒரு பயணியின் அனுபவம் மட்டுமே. ஆனால் இதே காட்டுத் தொடரின் மேற்குப் பக்கம், பந்திப்பூர் தேசியப் பூங்காவில், அறிவியல் முறைப்படியே இதைச் சோதித்திருக்கிறார்கள். பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் அனிந்த்ய சின்ஹா, அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. காட்டில் சுதந்திரமாக வாழும் நாட்டுக்குரங்குகள் மனிதரிடம் உணவு கேட்கும் விதத்தை நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள்: எழுப்பும் ஒலி, கை நீட்டல், உடலைத் திருப்பி நிற்கும் விதம், எதிரில் இருப்பவரைக் கவனிக்கும் விதம்.

நோக்கத்தோடு செய்வதற்கும் பழக்கத்தால் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. பசித்த குழந்தை அழுவது ஒன்று. அம்மா திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு அழுவது வேறொன்று. அந்த வித்தியாசத்தைக் கண்டறிய ஆய்வாளர்கள் சில அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். அவற்றின்படி பார்த்தபோது, ஒலி தவிர மற்ற மூன்றும் நோக்கத்தோடு செய்யப்படும் தொடர்பு என்று கருத இடமிருந்தது. மொழிக்கு அடிப்படையான 'உன்னிடம் ஒன்று சொல்ல வருகிறேன்' என்ற மன அசைவின் வேர்கள், மனிதக் குரங்குகளுக்கும் முன்பே குரங்குகளிடம் தோன்றியிருக்கலாம் என்று அந்த ஆய்வு யூகிக்கிறது.

இங்கே நாம் நிறுத்திக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கை நீட்டல் புதிய நடத்தை. சாலையும் சுற்றுலாப் பயணியும் சிப்ஸ் பாக்கெட்டும் வந்த பிறகு உருவானது. மூளையில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. தன் கூட்டத்தின் முகங்களைப் படிப்பதற்காகப் பல லட்சம் ஆண்டுகளில் உருவான திறமையை, வேறொரு இனத்தின் முகத்தைப் படிக்கக் குரங்கு திருப்பிக்கொண்டது. அதற்குக் கூலி உடனுக்குடன் கிடைத்ததால் அந்தத் திறமை நிலைத்தது.

அதன் விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். சாலை அகலப்படுத்தலில் ஓரத்து ஆலமரங்கள் வெட்டப்பட, அவற்றை நம்பியிருந்த கூட்டங்கள் பெருமளவு குறைந்துவிட்டன. மைசூருப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக இதைப் பதிவு செய்து எச்சரித்து வருகிறார்கள். எங்கும் காண்கிறோமே என்று நாம் அலட்சியமாக இருக்கும் ஓர் இனம் மெல்லக் கரைகிறது. மிஞ்சியவற்றில் பல மரத்தை விட்டுவிட்டு நம் கையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

【 பெட்டிச் செய்தி: மூளைக் கணக்கு 】

▪ மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி. பிரேசிலைச் சேர்ந்த சுசானா எர்குலானோ-ஹூசெல் குழு 2014-ல் வெளியிட்ட கணக்கு இது.

▪ யானையின் நரம்பணுக்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் சிறுமூளையில் இருக்கின்றன. தும்பிக்கையை நுட்பமாக இயக்கும் வேலையோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

▪ சிந்தனையோடு தொடர்புடைய பெருமூளைப் புறணியில் மனிதனுக்குச் சுமார் 1,600 கோடி, யானைக்குச் சுமார் 560 கோடி.

▪ மனித மூளை செலவழிக்கும் மின்திறன் ஏறத்தாழ 20 வாட். ஒரு சின்ன பல்பு எரியும் அளவு.

▪ பெரிய மூளை என்பதாலேயே பெரிய அறிவு வந்துவிடாது. எந்த வேலைக்காக அந்த மூளை வளர்ந்தது என்பதே கேள்வி.

கரும்பு லாரியும் கொம்பன் கூட்டமும்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் சாலையில், ஆசனூரைத் தாண்டி, காராப்பள்ளம் சோதனைச் சாவடி இருக்கிறது. கரும்பு ஏற்றி வரும் லாரிகளில் உயரத்துக்கு மேல் இருக்கும் பாரத்தை அங்கே குறைத்த காலத்தில் ஓரத்தில் கரும்பு சிதறியது. சில ஓட்டுநர்கள் பாசத்தோடு ஒரு கட்டை வீசியும் போனார்கள். யானைகள் வந்தன, தின்றன, மறுநாளும் வந்தன. பிறகு லாரிக்காகக் காத்து நிற்கத் தொடங்கின. குட்டியோடு வந்த தாய் நின்றது, குட்டியும் நின்று பார்த்துக் கற்றது. கரும்பு லாரியை நிறுத்தி இழுக்கும் யானைகளின் வீடியோக்களை நாம் எல்லோரும் சிரித்தபடி பகிர்ந்திருக்கிறோம். அங்கே ஒரு தலைமுறை யானைக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

யானை ஏன் பயிருக்கு வருகிறது என்பதை இதே பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் முறையாக ஆராய்ந்தவர், சென்னையில் பிறந்த ராமன் சுகுமார். கூட்டமாக வாழும் பெண் யானைகளைவிட ஆண் யானைகளே வயலுக்குள் அதிகம் துணிந்து இறங்குகின்றன என்று அவரும் மாதவ் காட்கிலும் 1988-ல் எழுதினார்கள். ராகியும் கரும்பும் காட்டுப் புல்லைவிடச் சத்து மிக்கவை. நன்றாகத் தின்ற ஆண் வலுவாக வளரும், மதம் கொள்ளும், இணை தேடும். உயிருக்கு ஆபத்து அதிகம், கிடைக்கும் லாபமும் அதிகம் என்ற துணிச்சலான கணக்கு அது.

அதற்கு 30 ஆண்டுகள் கழித்து வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. நிஷாந்த் ஸ்ரீனிவாசய்யா, சுகுமார், சின்ஹா உள்ளிட்ட குழு தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, 23 மாதங்களில் எடுத்த 1,445 படப் பதிவுகளை அலசியது. வளர்ந்த ஆண் யானை பெரும்பாலும் தனியாகத் திரியும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். காட்டுக்குள் அப்படியேதான் இருந்தன. காடு துண்டு துண்டான இடங்களிலும் விளைநிலங்கள் சூழ்ந்த இடங்களிலும், ஆண் யானைகள் மட்டுமே சேர்ந்து நிலையான, நீண்டகாலக் கூட்டங்களை அமைத்திருந்தன. 2019-ல் வெளியான இந்த ஆய்வின்படி, அப்படிச் சேர்ந்த இளம் ஆண்களின் உடல்நிலை தேறியிருந்தது.

ஆபத்தான ஊருக்குள் தனியாகப் போவதைவிடக் கூட்டாளியோடு போவது மேல் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள் நம் கொம்பன்களும் தந்தமில்லாத மக்னாக்களும். மரபணு மாறக் காத்திருக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் நடத்தை மாறிவிட்டது. மரபணு ஊர்ந்து வரும், கற்றல் ஓடி வரும். இந்த இரண்டுக்கும் இடையிலான உறவுதான் கணினி விஞ்ஞானிகளை நெடுங்காலமாக ஈர்த்துவரும் புதிர்.

கணினிக்குள் ஒரு காடு

மூளை பெரும்பாலும் புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. எண்ணம் எலும்பில் பதிவதில்லை. அறிவு எப்படிப் பரிணமித்தது என்பதைத் தோண்டி எடுக்க வழியில்லாததால், அதைக் கணினியில் மறுபடியும் நடத்திப் பார்க்கிறார்கள். எளிய உயிர்களை எழுதி, அவற்றுக்கு ஒரு சூழலைக் கொடுத்து, பிழைத்ததைப் பெருகவிட்டு, பல்லாயிரம் தலைமுறைகளை ஓட்டிப் பார்ப்பது.

1987-ல் ஜெஃப்ரி ஹிண்டனும் ஸ்டீவன் நோலனும் அப்படி ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வோர் உயிருக்கும் மூளையில் 20 சுவிட்சுகள். இருபதும் சரியாக அமைந்தால் மட்டுமே லாபம், பத்தொன்பது சரி என்றாலும் லாபமில்லை. பத்து லட்சத்துக்கும் அதிகமான வாய்ப்புகளில் ஒன்றே சரி. பிறவியிலேயே எல்லாம் தீர்மானிக்கப்பட்டிருந்தால் இது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. சில சுவிட்சுகளை மட்டும் பிறவியில் வைத்து, மற்றவற்றை வாழ்நாளில் முயன்று கற்கவிட்டபோது, கூட்டம் வேகமாகச் சரியான விடையை நோக்கி நகர்ந்தது. ஒரு தலைமுறை கற்றது மரபணுவில் நேரடியாக எழுதப்படவில்லை. ஆனாலும் கற்கும் திறன் பரிணாமத்துக்கு வழி காட்டியது. 1896-லேயே ஜேம்ஸ் மார்க் பால்ட்வின் சொன்ன கருத்துக்குக் கணினி தந்த விளக்கம் அது. அதே ஹிண்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் ஒருவர்.

இன்னொரு கேள்வி: மூளை ஏன் பெரிதாக வேண்டும்? அது சாப்பாட்டை விழுங்கும் உறுப்பு. லாபமில்லாமல் இயற்கை அதை வைத்திருக்காது. மடகாஸ்கரில் லெமூர்களைக் கவனித்த அலிசன் ஜாலி 1966-லும், நிகோலஸ் ஹம்ஃப்ரி 1976-லும் ஒரு விடையை முன்வைத்தார்கள். கனி பறிக்கவும் கிழங்கு தோண்டவும் இவ்வளவு மூளை தேவையில்லை. கூட வாழும் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத்தான் தேவை. யாரை நம்பலாம், யார் ஏமாற்றுவார், யாரோடு சேர்ந்தால் நல்லது என்ற கணக்குத்தான் மூளையை வளர்த்தது.

2012-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் லூக் மக்நாலி குழு இதைக் கணினியில் சோதித்தது. சின்னஞ்சிறு செயற்கை மூளைகளை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஒத்துழைத்தால் இருவருக்கும் லாபம், ஒருவர் ஏமாற்றினால் மற்றவருக்கு நஷ்டம் என்ற வகை விளையாட்டுகள். மூளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதற்கு விலை உண்டு. ஒத்துழைப்பு தலையெடுக்கும் கட்டங்களில்தான் பெரிய மூளைக்கான தேவை மிகுந்தது. உதவுகிறவனையும் ஏய்க்கிறவனையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயமே மூளையைப் பெருக்கியது. உறவுதான் அறிவின் உலைக்களம் என்று அந்தப் பொம்மை உலகம் சொன்னது.

【 பெட்டிச் செய்தி: போத்தனூரிலிருந்து ஒரு கயிறு 】

▪ கணினியால் சிந்திக்க முடியுமா என்று 1950-ல் கேட்டவர் ஆலன் டூரிங். அவருடைய தாய் ஈதல் சாரா பிறந்தது கோவைக்கு அருகே போத்தனூரில், 1881-ல்.

▪ தாய்வழித் தாத்தா எட்வர்டு ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை ஜூலியஸ் மதராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி.

▪ 1950 கட்டுரையில் டூரிங் ஒரு யோசனை தந்தார்: வளர்ந்த மனிதனின் மூளையைச் செய்யாதே, குழந்தையின் மூளையைச் செய்து கல்வி கொடு. அந்தக் குழந்தை எந்திரத்தின் அமைப்பை மரபுப் பொருளுக்கும், அதில் செய்யும் மாற்றத்தைத் திடீர் மாற்றத்துக்கும், செய்பவரின் தீர்ப்பை இயற்கைத் தேர்வுக்கும் அவர் ஒப்பிட்டார்.

பாராட்டுக்குப் பழகும் எந்திரம்

டூரிங்கின் மூன்றாவது ஒப்பீட்டை இன்னொரு முறை படியுங்கள். இயற்கைத் தேர்வின் இடத்தில் செய்பவரின் தீர்ப்பு. காட்டில் வெயிலும் புலியும் வறட்சியும் தேர்ந்தெடுத்த இடத்தில், எந்திரத்துக்கு மனிதன் தேர்ந்தெடுக்கிறான். நாம் எதற்குச் 'சரி' போடுகிறோமோ, அதுவாகவே எந்திரம் ஆகும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது உலகம் வியந்தது. அதன் பின்னால் இருந்த முக்கியமான உத்திகளில் ஒன்று எளிமையானது. எந்திரம் தரும் விடைகளை மனிதர்கள் ஒப்பிட்டு, எது பிடித்திருக்கிறது என்று சொல்வார்கள். பிடித்த விடையின் பக்கம் எந்திரம் சாயும். பந்திப்பூர்ச் சாலையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கை நீட்டினால் பழம், நீட்டாவிட்டால் ஒன்றுமில்லை.

இந்த உத்தியின் தொடக்க காலத்திலேயே, 2017-ல், ஒரு சம்பவம் பதிவானது. கணினி உலகத்தில் இயங்கும் ஓர் எந்திரக் கைக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மனிதர்கள் படக்காட்சியைப் பார்த்து மதிப்பிட்டார்கள். அந்தக் கை பந்தைப் பிடிக்கக் கற்கவில்லை. கேமராவுக்கும் பந்துக்கும் நடுவே விரல்களை வைத்து, பிடித்தது போலத் தெரியும்படி நிற்கக் கற்றது. மதிப்பெண் கிடைத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு படகுப் பந்தய விளையாட்டில், பந்தயத்தை முடிக்காமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் புள்ளிகளை அள்ளக் கற்றுக்கொண்டது இன்னொரு நிரல். 2025 ஏப்ரலில், பயனரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து எதற்கும் ஆமாம் போடுகிறது என்பதற்காக, சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பை ஓப்பன்ஏஐ நிறுவனம் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

இந்த எந்திரங்களில் தீய எண்ணம் எதுவும் இல்லை. குரங்கிடமும் இல்லை. பரிசு இருந்த திசையில் திறமை போயிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் பரிசு என்று நாம் நினைத்துக்கொண்டு, மனம் குளிரச் சொன்னால் பரிசு கொடுத்திருக்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, மருந்து பற்றிக் கேட்கும் முதியவர், பயிர் நோய்க்கு வழி தேடும் விவசாயி என்று நம் வீட்டு மனிதர்கள் தமிழிலேயே இந்த எந்திரங்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது விடையா, அல்லது அவர்கள் முகத்தைப் பார்த்து நீட்டப்பட்ட கையா? இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொரு குறையும் தெரிகிறது. யானைக் கன்று தாயின் வயிற்றில் சுமார் 22 மாதங்கள் இருக்கிறது. பிறந்த பிறகு பல ஆண்டுகள் தாயையும் பெரியம்மாக்களையும் உரசியபடியே வளர்கிறது. எந்த நீர்நிலை வற்றாது, எந்த வாசனை ஆபத்து என்பதெல்லாம் பசியோடும் பயத்தோடும் பாசத்தோடும் சேர்ந்து உள்ளே போகின்றன. தப்புக் கணக்குப் போட்டால் உயிரே போகும். எந்திரத்துக்கு இழக்க எதுவும் இல்லை. மனித குலம் எழுதி வைத்ததைப் படித்துத்தான் அது பேசுகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த தாகமும் தழும்பும் அதற்கு இல்லை. பயணம் செய்யாமலே பயணக் குறிப்பை ஒப்பிப்பது போன்ற அறிவு அது. பயனுள்ள அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாழ்ந்து பெற்ற அறிவு என்று மயங்கினால் நஷ்டம் நமக்கு.

மதுக்கரையில் விழித்திருக்கும் கண்கள்

காட்டுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2021 நவம்பர் 26 இரவு, கோவை மதுக்கரைக்கு அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. தண்டவாளத்தோரம் கிடந்த அந்த உடல்களின் படம் தமிழ்நாட்டை உலுக்கியது. 2024 பிப்ரவரியில் அதே தடத்தில் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் 24 கேமராக்களைப் பொருத்தி, யானை வருவதைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இருட்டிலும் உடல் வெப்பத்தைக் கொண்டு யானையை அறியும் கேமராக்களும் அவற்றில் உண்டு. யானை தெரிந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது. ரயிலின் வேகம் குறைகிறது. டூரிங்கின் தாய் பிறந்த போத்தனூரிலிருந்து பாலக்காடு நோக்கிப் போகும் அதே ரயில் பாதை இது. சிந்திக்கும் எந்திரத்தைக் கனவு கண்டவரின் குடும்பம் வாழ்ந்த மண்ணில், அந்தக் கனவின் ஒரு துளி இன்று யானையின் உயிர் காக்க விழித்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. இது யானையை விரட்டவில்லை. மனிதனை எச்சரிக்கிறது. மாற வேண்டியது யானையின் நடத்தையா, நம் நடத்தையா என்ற கேள்விக்குச் சரியான பக்கம் நிற்கிறது.

ஏன் இது முக்கியம்? விரட்டும் ஒவ்வொரு கருவியும் யானைக்கு ஒரு பாடம். பரணில் உட்கார்ந்து தகரம் தட்டினார்கள், சில காலம் பயந்தது. பட்டாசு வெடித்தார்கள், பிறகு அதுவும் பழகிவிட்டது. சூரிய மின்வேலி போட்டார்கள். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட கொம்பன்கள் கம்பியைத் தந்தத்தால் அறுத்தன. சில யானைகள் மரத்தை வேலி மேல் சாய்த்துவிட்டுக் கடந்தன. நாளை ஒரு கேமரா யானையைக் கண்டதும் ஒலிபெருக்கியில் புலி உறுமலாம். உறுமல் மட்டும் வருகிறது, புலி வருவதில்லை என்பதை அதே யானை ஒரு நாள் கண்டுகொள்ளும். பக்கத்தில் வரும் இளம் ஆண் அதைப் பார்த்துக் கற்கும். ஒருமுறை எழுதி வைத்த நிரல் அப்படியே நிற்க, எதிரில் இருப்பது கற்றுக்கொண்டே இருக்கும் என்றால், யார் ஜெயிப்பார்கள்?

வால்பாறை வேறு வழி காட்டியது. தேயிலைத் தோட்டங்கள் நடுவே யானைகள் நடமாடும் அந்த மலையில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் யானை எங்கே நிற்கிறது என்பதை மக்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். வளைவுகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று பொருள். யானையின் பாதை மாறவில்லை. மாலையில் வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளி எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்க முடிந்தது. யானை தாக்கி இறப்பவர் எண்ணிக்கை குறைந்தது. அந்தப் பணிக்காக 2015-ல் ஆனந்த குமாருக்கு உலகப் புகழ்பெற்ற விட்லி விருது கிடைத்தது.

【 பெட்டிச் செய்தி: காடும் கருவியும் - கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் 】

▪ இந்தக் கருவி யாரை மாற்றப் பார்க்கிறது: விலங்கையா, மனிதனையா?

▪ விலங்கு இதைக் கற்றுக்கொண்டு தாண்டிவிட்டால் அடுத்த ஏற்பாடு என்ன?

▪ தவறான எச்சரிக்கை வந்தாலும், எச்சரிக்கை வராமல் போனாலும் இழப்பு யாருக்கு?

▪ வேட்டைத் தடுப்புக் காவலரின் அனுபவமும் சோளகர் பழங்குடியினரின் காட்டறிவும் இந்தக் கருவிக்குள் சேர்ந்திருக்கின்றனவா?

பொறுப்பு யாருடையது

எல்லைக் கிராமங்களில் யானையை நொந்துகொள்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் பாடுபட்ட ராகியும் மக்காச்சோளமும் ஒரே இரவில் போனால் அந்த வீட்டில் அடுத்த பருவம் கடனில் தொடங்குகிறது. இரவுக் காவலுக்குப் போன மனிதர் திரும்பாத வீடுகளும் இருக்கின்றன. யானையின் அறிவை வியக்கும் நகரத்துக்காரர்களாகிய நாம் அதற்கான விலையை அந்தக் குடும்பங்கள் மட்டுமே கட்டும்படி விட்டுவிட்டோம். இழப்பீடு விரைந்து கிடைப்பது, வழித்தடம் காக்கப்படுவது, காட்டோரம் என்ன பயிரிடுவது என்பதில் விவசாயிக்கு உதவி கிடைப்பது ஆகியவை அறிவியலுக்கு வெளியே நிற்கும் சங்கதிகள் அல்ல. யானையின் மூளை எதைக் கற்கப்போகிறது என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

எந்திரத்தின் விஷயத்திலும் இதே பொறுப்பு நம்மிடம் வருகிறது. அறிவின் பரிணாமத்தைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். சூழலை மாற்றினால் அறிவின் வடிவம் மாறும். ஏமாற்றினால் லாபம் என்ற உலகத்தில் ஏமாற்றும் மூளை வளரும். நீண்டகால உறவுக்கு மதிப்புள்ள உலகத்தில் ஒத்துழைக்கும் மூளை வளரும். நம் பிள்ளைகள் பேசப்போகும் எந்திரங்களை எந்த உலகத்தில் வளர்க்கிறோம்? அதிக நேரம் திரையில் பிடித்து வைத்தால் பரிசு என்ற உலகத்திலா? தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பு என்ற உலகத்திலா? இதை நிறுவனங்கள் மட்டும் தீர்மானிக்க விடக்கூடாது. பள்ளிகளும் அரசும் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். சரியான விடைக்கும் இனிப்பான விடைக்கும் வேறுபாடு கண்டு, இனிப்பைத் தள்ளிச் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விரலும் அந்த எந்திரத்தின் அடுத்த தலைமுறையைக் கொஞ்சம் வளைக்கிறது.

பாலாற்றில் பேருந்து கிளம்பக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் என் கை இரண்டு முறை பைக்குள் போய்வந்தது. மடியில் குட்டியோடு ஒரு தாய் கை நீட்டும்போது பழத்தை மறைத்து வைப்பது சுலபமாக இல்லை. ஆனால் அந்தக் குட்டி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று நான் கொடுக்கும் பழம் தாய்க்கு உணவு, குட்டிக்குப் பாடம். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

தாய் என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, குட்டியைத் தூக்கிச் சுவரின் மறுபுறம் இறங்கியது. ஆற்றங்கரைப் பக்கம் கிளைகள் அசைந்தன. வண்டி நகர்ந்தபோது, எதிரே கொள்ளேகால் பக்கமிருந்து இன்னொரு பேருந்து வளைவில் திரும்பும் ஹாரன் சத்தம் கேட்டது. கிளைகளின் அசைவு நின்றது.